பண்ணைகளின் பெயரைக் கழற்றாதீர்கள்: லெயோன் வட்டார மேயர்களுக்கு ஒரு திறந்த மடல்

லெயோன் வட்டாரத்துச் சின்ன ஊர்களின் மேயர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். பண்ணைகளின் பழைய பெயர்களை எடுத்துவிட்டுப் பிரெஞ்சுத் தெருப் பெயர் வைக்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதன் பிரெஞ்சுப் படியைப் போன வாரமே எங்கள் ஊர் மெறியில், அதாவது ஊர்மன்ற அலுவலகத்தில், கையில் கொடுத்துவிட்டேன், பக்கத்து ஊர்களுக்குத் தபாலிலும் போட்டிருக்கிறேன். அதைத் தமிழிலும் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பிரான்சில் இருக்கிற எங்கள் ஆட்களில் பலருக்குப் பாரிஸ் தெரியும், அங்கே தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பல் தெரியும். நாட்டின் மேற்கு மூலையில் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரெத்தாஞ் தெரியாது, அதில் இந்த லெயோன் வட்டாரம் தெரியாது, அங்கே தமிழைப் போலவே தங்களுக்கென்று பிரெத்தோன் என்ற ஒரு பழைய மொழி வைத்திருக்கிற குடியானவர்கள் இருப்பது தெரியாது. "அது அவங்கட ஊர்ப் பெயர்தானே, உனக்கென்ன வந்தது?" என்று என் மச்சானே தொலைபேசியில் கேட்டான். இது அவனுக்கும் சேர்த்துத்தான்.

நான் சென்-போல்-து-லெயோனைச் சுற்றி பதினொரு வருடமாகப் பார்சல் வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன் மூன்று குளிர்காலம் பூக்கோவா வெட்டினேன். காலிஃபிளவரைத்தான் எங்கள் யாழ்ப்பாணத்தில் பூக்கோவா என்போம். ஜனவரி மாதம், விடிந்தும் விடியாத நேரம், இலைக்குள் தேங்கி நிற்கிற பனித்தண்ணீர் கத்தியை வைத்ததுமே மழைக்கோட்டின் கைக்குள் ஓடி முழங்கை வரை விறைத்துப்போகும். அந்த வயல்களில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தவர்கள் எந்த வயலையும் எண் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லா வயலுக்கும் ஒரு பெயர் இருந்தது. பார்க் என்று தொடங்கினால் வேலி கட்டிய வயல், பிராட் என்றால் புல்வெளி, மேஷு என்றால் வேலி இல்லாத திறந்த நிலம். பிரெஞ்சே தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்த நான் பிரெத்தோன் மொழியில் முதலில் கற்ற சொற்கள் இவைதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் எங்கள் பக்கத்துப் பண்ணையில் இருக்கிற மதாம், எண்பது தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். கிக் ஆ ஃபார்ஸ். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கறுப்புக் கோதுமை மாவைக் கரைத்து ஒரு துணிப்பையில் ஊற்றி இறுக்கக் கட்டி, இறைச்சியும் காரட்டும் கோவாவும் வேகிற அதே பானைக்குள் போட்டுவிடுவார்கள். மணிக்கணக்காக வெந்த பிறகு பையை வெளியே எடுத்து, மேசையில் சூட்டோடு சூடாக இரண்டு கையாலும் உருட்டுவார்கள், உள்ளே இருப்பது உதிர்ந்து பொலபொலவென்று வரும். முதல் தடவை அதைத் தட்டில் பார்த்தபோது எனக்குக் குரக்கன் புட்டுத்தான் ஞாபகம் வந்தது, நிறமும் அதேதான். மேலே வெங்காயமும் வெண்ணெயும் உருகின லிப்பிக் ஊற்றிச் சாப்பிட வேண்டும். அன்றைக்கு அவர் பையை உருட்டிக்கொண்டே, அலமாரியில் இருக்கிற கடிதத்தை எடுத்துப் பார் என்றார்.

மெறியிலிருந்து வந்த கடிதம். இனி அவருடைய முகவரி 12, ஹைட்ராஞ்சியா தெரு. அவர் பிறந்தது, கல்யாணம் முடித்தது, நாலு பிள்ளை பெற்றது, கணவரைப் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தது எல்லாம் பென்-ஆர்-வெர்ன் என்ற வீட்டில். அந்தப் பெயர் கடிதத்தில் எங்கேயும் இல்லை. "நான் வீடு மாறவில்லையே" என்று மட்டும் சொன்னார். அப்புறம் பையை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார்.

பென் என்றால் தலை, நுனி. வெர்ன் என்பது க்வெர்ன், ஆல்டர் மரம் வளர்கிற ஈரச் சதுப்பு. சதுப்பு முடிகிற இடம் என்று அந்தப் பெயரே சொல்கிறது. அவருடைய வீட்டுக்குக் கீழே இருக்கிற புல்வெளியில் பிப்ரவரியில் வேன் நிறுத்தினால் சக்கரம் புதையும், நானே புதைத்து ட்ராக்டர் வைத்து இழுத்திருக்கிறேன். வீடு மேட்டில், காய்ந்த இடத்தில் இருக்கிறது. முன்னோர்கள் எங்கே கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று பார்த்துக் கட்டி, பார்த்ததைப் பெயரிலும் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஹைட்ராஞ்சியா தெரு என்ற பெயரிலிருந்து ஒருவருக்கு என்ன தெரியவரும்? ஹைட்ராஞ்சியா அழகான செடி, மதாமின் வாசலிலும் நிற்கிறது. பிரெத்தாஞ் முழுவதும் எல்லார் வாசலிலும் அதுதான் நிற்கிறது.

எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லப்போவது. 2022 பிப்ரவரியில் சட்டம் வந்தது, 2,000 பேருக்குக் குறைவாக இருக்கிற ஊர்களும் எல்லாப் பாதைக்கும் பெயர் வைத்து எல்லா வீட்டுக்கும் எண் கொடுத்தாக வேண்டும் என்றது. ஆம்புலன்ஸ் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும், தீயணைப்பு வண்டி வர வேண்டும், ஃபைபர் இணையம் இழுக்க வேண்டும். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, பார்சல் வேன் ஓட்டுகிறவன் எப்படி மறுப்பேன்? ஒரே பெயர் மூன்று ஊரில் இருக்கும், ஒரே குடியிருப்பில் ஐந்து வீடு இருக்கும், ஐந்திலும் ஒரே குடும்பப் பெயர் இருக்கும், மழையில் இறங்கி ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறேன். முதல் வருடம் நான் அலைந்த அலைச்சலுக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு எண் இருந்திருந்தால் கும்பிட்டிருப்பேன். எண் வேண்டும். ஆனால் அந்த எண்ணை ஏன் பென்-ஆர்-வெர்னோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது? 1, பென்-ஆர்-வெர்ன். 2, பென்-ஆர்-வெர்ன். ஆம்புலன்ஸ்காரருக்கு அதிலும் வழி தெரியும். சட்டம் பெயர் வைக்கத்தான் சொல்கிறது, பிரெஞ்சுப் பெயர்தான் வேண்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. இருக்கிற இடப்பெயரையே முகவரியாக்கலாம், அப்படிச் செய்த ஊர்களுக்கும் நான் தினமும் பார்சல் கொண்டு போகிறேன், ஒரு குழப்பமும் இல்லை.

நீங்களே பிறந்து வளர்ந்த ஊரின் கதையை உங்களுக்குச் சொல்ல நான் யார் என்று தோன்றலாம். இந்த மண்ணில் கால் வைத்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, அதனால் சொல்கிறேன். உங்கள் ஊர்கள் பலவற்றுக்கு முன்னால் ப்ளு இருக்கிறது: ப்ளுகூல்ம், ப்ளுயெஸ்கா, ப்ளுயெனான். மக்கள் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்து, ஒரு திருச்சபைப் பங்கின் மக்கள், அவர்களுடைய ஊர் என்று ஆகிவிட்ட சொல் அது. ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டுகளில் கடலுக்கு அக்கரையிலிருந்து, இன்றைய வேல்சிலிருந்தும் கார்ன்வாலிலிருந்தும், குடும்பத்தோடும் குருமாரோடும் படகேறி வந்தவர்கள் வைத்த பெயர். அப்படி வந்தவர்தான் புனித போல் ஓரேலியன். இங்கே கரைக்கு எதிரே இருக்கிற பா தீவில் மக்களைத் தின்றுகொண்டிருந்த பெரும்பாம்பின் கழுத்தில் தன் பூசைத் துகிலைக் கட்டி இழுத்துப்போய்க் கடலில் தள்ளினார் என்பது ஐதீகம். சென்-போல் ஊரை பிரெத்தோனில் கஸ்தெல் பாவோல் என்பார்கள், போலின் கோட்டை. வயதானவர்கள் இன்னும் சுருக்கி கஸ்தெல் என்றுதான் சொல்கிறார்கள். நடு ஊரில் 78 மீட்டர் உயரத்துக்கு நிற்கிற க்ரேஸ்கேர் கோயில் கோபுரத்தை எல்லாரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு அர்த்தமே நடு ஊர் என்பதுதான்.

அந்தக் கேர் என்ற சொல்லைப் பாருங்கள். உங்கள் பண்ணைகளில் பாதி அதில்தான் தொடங்குகிறது. பழைய காலத்தில் காவல் கட்டிய இடம், பிறகு பண்ணை, பிறகு கிராமம், நகரம், வீடு எல்லாமே கேர்தான். எங்கள் மொழியில் ஊர் என்று சொன்னால் எப்படி ஒரு சொல்லுக்குள் எல்லாம் வந்துவிடுமோ அப்படி. வீட்டுக்குப் போகிறேன் என்பதற்கு மதாம் சொல்வதும் அந்தச் சொல்தான். கேர் என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஆளின் பெயர் ஒட்டியிருக்கும், ஆயிரம் வருடத்துக்கு முன்னால் அந்த நிலத்தைத் திருத்தினவர் யாரோ. அவரைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இருக்காது. பண்ணைப் பெயரில் மட்டும் இருக்கிறார்.

சென்-போல் பேராலயத்துக்குள் ஒரு பக்கத்தில் சின்னச் சின்ன மரப்பெட்டிகள் அடுக்கியிருக்கிறார்கள், முப்பதுக்கு மேல் இருக்கும். குருவிக்கூடு போல, முன்பக்கம் இதய வடிவில் ஒரு ஓட்டை. உள்ளே மண்டையோடு. அந்தக் காலத்தில் புதைக்க இடம் போதாமல் பழைய எலும்புகளைக் கிளறி எடுக்கும்போது, தலையை மட்டும் இப்படிப் பெட்டியில் வைத்து, வெளியே பெயரையும் இறந்த நாளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது பயந்தேன். இப்போது போகும்போதெல்லாம் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துவிட்டுத்தான் வருகிறேன். எலும்பைக்கூடப் பெயரில்லாமல் விட மனம் வராத ஊர் இது.

இந்த மொழியை ஒரு நாளில் யாரும் அழித்துவிடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. 1902-இல் பாரிஸ் அரசாங்கம் கோயிலில் பிரெத்தோனில் பிரசங்கம் வைக்கக்கூடாது, ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கக்கூடாது என்று தடை போட்டது, மீறின குருமாரின் சம்பளத்தை நிறுத்தியது. பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசிப் பிடிபட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையையோ பழைய மரச்செருப்பையோ தொங்கவிடுவார்கள். அடுத்துப் பேசுகிற பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அது கழுத்திலிருந்து இறங்கும், மாலையில் யார் கழுத்தில் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. மதாமின் அப்பாவின் கழுத்தில் அது தொங்கியிருக்கிறது. அதனால்தான் அவர் தன் பிள்ளைகளிடம் பிரெஞ்சிலேயே பேசினார், மாட்டோடும் நாயோடும் மனைவியோடும் மட்டும் பிரெத்தோன். 2018-இல் எடுத்த கணக்கில் பிரெத்தோன் பேசுகிறவர்கள் சுமார் 2,07,000 பேர். 2024-இல் எடுத்த கணக்கில் சுமார் 1,07,000. ஆறு வருடத்தில் பாதி. பெரும்பாலும் வயதானவர்கள் போனதால் வந்த குறைவு. 1977-இல் இதே லெயோனில், லாம்போல்-ப்ளுதால்மெசோ என்ற ஊரில்தான் பெற்றோர்கள் சேர்ந்து திவான் என்ற முதல் பிரெத்தோன் பள்ளியைத் தொடங்கினார்கள். திவான் என்றால் முளை. அந்தப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாசிக்க மீதி இருக்கிற பிரெத்தோன் எழுத்து எது? உங்கள் ஊர்ப் பலகைகள்தான்.

இது பழங்கதை பேசுகிறவனின் ஏக்கம், நவீன விவசாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஒரு மன்ற உறுப்பினர் என்னிடம் நேராகவே சொன்னார். நல்ல மனிதர், தானே ஆர்ட்டிச்சோக் என்ற காய்கறி போடுகிறவர். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் எல்லாரும் பெருமையாகச் சொல்கிற கதைதான் அது. 1961 ஜூன் 8-ஆம் தேதி விடியுமுன் உங்கள் அப்பாக்கள், தாத்தாக்கள் ட்ராக்டர்களோடு மோர்லே நகரத்துக்குள் போய் அரசாங்க அலுவலகத்தைப் பிடித்து உட்கார்ந்தார்கள். ஆர்ட்டிச்சோக்கும் காலிஃபிளவரும் விலை விழுந்து கிடந்த காலம், விலையைத் தரகர்கள் முடிவு செய்த காலம். முன்னால் நின்ற அலெக்சி கூர்வெனெக்குக்கு அப்போது வயது 25. அவரும் மர்செல் லெயோனும் கைதானார்கள், வழக்கு நடந்து விடுதலையானார்கள். அதே வருடம் விவசாயிகள் தங்களுக்கென்று சிக்கா என்ற விற்பனைச் சங்கத்தைக் கட்டினார்கள். காய்கறி ஏலத்துக்கு வரும், விலை எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஏறும் இறங்கும், தரகர் காதோடு காதாகப் பேசி முடிக்க முடியாது. அப்புறம் ரோஸ்கொஃபில் ஆழ்கடல் துறைமுகம் கேட்டு வாங்கினார்கள். துறைமுகம் வந்தது, கப்பல் விட எந்தக் கம்பெனியும் வரவில்லை. சரி, நாமே விடுவோம் என்று கப்பல் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள், காய்கறி விதைக்கிறவர்கள்! பிரித்தானியா ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது 1973 ஜனவரி 1. அடுத்த நாள், ஜனவரி 2, முதல் கப்பல் லாரிகளை ஏற்றிக்கொண்டு ரோஸ்கொஃபிலிருந்து இங்கிலாந்தின் ப்ளிமத்துக்குப் போனது. இன்றைக்கு உலகத்துக்கே தெரிந்த பிரிட்டனி ஃபெரிஸ் அப்படித்தான் பிறந்தது.

அந்த முதல் கப்பலின் பெயர் கேரிஸ்னெல். சென்-போலைச் சேர்ந்த ஒரு சின்னக் குடியிருப்பின் பெயர், சிக்கா இருக்கிற இடம், நான் வாரம் இரண்டு தடவை பார்சல் இறக்குகிற இடம். பாரிசையோ லண்டனையோ பார்த்து ஒரு பெயர் வைக்க அவர்களுக்குத் தோன்றவில்லை. காலிஃபிளவர் வயலுக்கு நடுவில் இருக்கிற ஒரு கேரின் பெயரைக் கப்பலின் நெற்றியில் எழுதி இங்கிலாந்துக் கடலில் ஓடவிட்டார்கள். அவ்வளவு நவீனமான காரியத்தைச் செய்தவர்கள் அவர்கள்தான். அந்தத் தலைமுறை கப்பலில் எழுதின மாதிரியான பெயர்களைத்தான் இன்றைக்குச் சாலையோரக் கம்பத்திலிருந்து இறக்குகிறீர்கள்.

அதற்கும் முன்னால் கடல் தாண்டி வெங்காயம் விற்கப் போனவர்களை, ஜானிகள் என்பார்கள், மறந்துவிடக்கூடாது. 1828-இல் ஹென்றி ஒலிவியே என்ற ரோஸ்கொஃப்காரர் வெங்காயம் ஏற்றி ப்ளிமத்துக்குப் போனதில் தொடங்கியது. பிறகு ரோஸ்கொஃப், சென்-போல், சிபிரில், க்ளேடெர் எல்லா ஊரிலிருந்தும் ஆண்கள், பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் உட்பட, ஜூலையில் கப்பல் ஏறி மாதக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்சிலும் வீடு வீடாக இளஞ்சிவப்பு வெங்காயச் சரம் விற்றார்கள். 1929-இல் மட்டும் கிட்டத்தட்ட 1,400 பேர் போயிருக்கிறார்கள். வேல்சில் இறங்கினால் அவர்களுடைய பிரெத்தோனை வைத்தே கொஞ்சம் சமாளிக்கலாம், வேல்ஸ் மொழியும் அதுவும் ஒரு தாய் வயிற்று மொழிகள். 1905 நவம்பரில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஜானிகளோடு ஹில்டா என்ற கப்பல் சென்-மாலோவுக்கு வெளியே பாறையில் மோதி உடைந்தது, உயிரோடு வந்தவர்கள் ஆறே பேர். இந்த வட்டாரத்து வீடுகள் எத்தனையோ அந்தக் குளிர்காலத்தில் ஆணில்லாத வீடாயின. யார் வீடு என்று கேட்டால் மதாம் இன்றைக்கும் குடும்பப் பெயர் சொல்வதில்லை, பண்ணைப் பெயர்தான் சொல்கிறார். குடும்பப் பெயர் ஊரில் பாதிப்பேருக்கு ஒன்றுதான். ஆளை அடையாளம் காட்டுவது பண்ணை. பண்ணைப் பெயரை எடுத்துவிட்டால் அந்தச் சாவு எந்த வாசலில் விழுந்தது என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல வழியிருக்காது.

1960, 70-களில் நிலங்களைச் சேர்த்துப் பெரிதாக்குகிறோம் என்று பிரெத்தாஞ் முழுக்க வயல்களுக்கு இடையில் இருந்த மண்வரப்புகளையும் அதன்மேல் நின்ற மரங்களையும் புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். வரப்போடு சின்ன வயல்களின் பெயர்களும் போயின. பிறகு மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு ஓடுகிறது என்று தெரிந்து, இப்போது அரசாங்கமே பணம் கொடுத்து வரப்புப் போடச் சொல்கிறது. வரப்பைத் திரும்பப் போடலாம். அதன் பெயரை யாரிடம் கேட்பது? எங்கள் யாழ்ப்பாணத்தில் காணி உறுதியில் ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் எழுதியிருக்கும், பரப்புக் கணக்கோடு. போர்க்காலத்தில் வீடு போய், வேலி போய், கிணறு தூர்ந்துபோய், திரும்பி வந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் இது எங்களது என்று கேட்டார்கள். என் அம்மாவும் அப்படித்தான் கேட்டார். மச்சான், உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

2022-இல் க்ரோசோன் தீபகற்பத்தில் தெல்க்ருக்-சுர்-மேர் ஊரில் இதே மாதிரி பிரெஞ்சுத் தெருப் பெயர்கள் வந்தபோது மக்கள் மெறிக்கு முன்னால் திரண்டு நின்றது பிரெத்தாஞ் முழுக்கத் தெரியும். அந்த நிலைமை நம்முடைய ஊர்களுக்கு வர வேண்டாம். பெயர் வைத்து முடிக்காதவர்கள் இப்போதே நிறுத்தி யோசியுங்கள். பலகை நட்டு முடித்தவர்கள் மனது வைத்தால் இன்னொரு தீர்மானத்தில் மாற்றலாம், உங்கள் வாக்குத்தான் அதற்கு வேண்டும். எழுத்துக்கூட்டலில் சந்தேகம் இருந்தால் பிரெத்தோன் மொழிப் பொது அலுவலகம் இருக்கிறது, ஊர்மன்றங்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் வேலை. அதைவிட முதலில் செய்ய வேண்டியது, மன்றத்தில் ஒருவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எண்பது வயது தாண்டியவர்களின் வீடுகளுக்குப் போய், கீழ் வயலுக்கு என்ன பெயர், ஊற்றுக்கு என்ன பெயர், இந்தப் பாதை எங்கே போகிறது என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள் எனக் கேட்டு எழுதுவது. வரைபடத்தில் ஒரு மாதிரி இருக்கும், அவர்கள் வாயில் வேறு மாதிரி வரும், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பணம் அதிகம் பிடிக்காது, ஆனால் இந்தக் குளிர்காலத்துக்குள் செய்ய வேண்டும். போன வருடம் என் பாதையில் இருந்த பண்ணைகளில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

அந்த வேலைக்கு ஆள் இல்லை என்றால் நான் வருகிறேன். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்குக் காது கேட்காது, எந்த நாய் கடிக்கும், எல்லாம் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை சென்-போல் சந்தை நாள், அன்றைக்கு எனக்குப் பார்சல் குறைவு. வேனில் முன் இருக்கை காலியாகத்தான் இருக்கும். காலை ஏழரைக்குப் புறப்படுவேன், முதல் நிறுத்தம் பென்-ஆர்-வெர்ன். மதாமிடம் சொல்லி வைத்திருக்கிறேன், காப்பி போட்டு வைப்பார்.

இப்படிக்கு,
உங்கள் வட்டாரத்தில் வேன் ஓட்டும் ஒரு தமிழன்